திடீர் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டறியும் மின்னணு எச்சரிக்கை: மருத்துவமனையில் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

62 வயது அம்மா ஒருவர் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு வார்டில் சேர்கிறார். ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் கெட்டால் ஏறும்) டெசிலிட்டருக்கு 1.1 மில்லிகிராம். ஆய்வகத்தின் இயல்பு வரம்பு 0.6 முதல் 1.1 வரை, அதனால் ரிப்போர்ட்டில் எதுவும் தடித்த எழுத்தில் இல்லை. டூட்டி டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி தொடர்கிறது. ரத்த அழுத்தத்துக்கு வீட்டில் சாப்பிட்டுவந்த டெல்மிசார்ட்டனும் தொடர்கிறது. மறுநாள் 1.9. அதற்கடுத்த நாள் 2.6. அப்போதுதான் சிறுநீரக மருத்துவருக்கு போன் போகிறது.

மூன்று மாதங்களுக்கு முன்பு இதே அம்மாவின் கிரியேட்டினின் 0.7. அதோடு ஒப்பிட்டால் முதல் நாளின் 1.1 என்பது 1.57 மடங்கு. திடீர் சிறுநீரகப் பாதிப்பு அன்றைக்கே வந்துவிட்டது. இயல்பு வரம்பு அதை மறைத்துவிட்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலை மனிதனுக்குக் கடினம், கணினிக்கு மிக எளிது. மின்னணு எச்சரிக்கை என்ற யோசனையே இங்கிருந்துதான் பிறந்தது.

இந்த வழிகாட்டி பொது மருத்துவர்கள், ஆய்வகப் பொறுப்பாளர்கள், மருத்துவமனையின் கணினிப் பிரிவினர் ஆகிய மூவருக்கும். மூவரும் ஒரே மேசையில் உட்காராமல் இது நடக்காது.

முதல் படி: எதைப் பிடிக்கப் போகிறோம்?

2004-இல் ரைஃபிள், 2007-இல் ஏகின் என்று வரையறைகள் மாறி மாறி வந்து, 2012-இல் கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வழிகாட்டுதலில் ஒரு முடிவுக்கு வந்தன. 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 மில்லிகிராமோ அதற்கு மேலோ உயர்ந்தால், அல்லது ஏழு நாளுக்குள் அடிப்படை அளவைப் போல (அதாவது நோய்க்கு முன் அவருக்கு வழக்கமாக இருந்த எண்ணைப் போல) ஒன்றரை மடங்கானால், அல்லது ஆறு மணி நேரம் தொடர்ந்து சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே போனால், அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. 1.5 மடங்கிலிருந்து இரண்டு மடங்குக்குக் கீழ் வரை முதல் நிலை, இரண்டிலிருந்து மூன்றுக்குக் கீழ் இரண்டாம் நிலை, மூன்றும் அதற்கு மேலும் மூன்றாம் நிலை. வரையறைக்குள் வந்த ஒருவருக்கு கிரியேட்டினின் 4.0-ஐத் தொட்டாலோ டயாலிசிஸ் தொடங்கினாலோ அதுவும் மூன்றாம் நிலைதான்.

சிறுநீர் அளவை ஐ.சி.யூ.வுக்கு வெளியே எச்சரிக்கையில் சேர்க்காதீர்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி என்பதே எல்லை. சாதாரண வார்டில் அதை மணிக்கு மணி அளந்து எழுத ஆள் இல்லை. எழுதப்படாத எண்ணை நம்பி விதி அமைத்தால் பொய் எச்சரிக்கைகள்தான் குவியும். வார்டுக்கு கிரியேட்டினின் போதும்.

இரண்டாம் படி: மென்பொருளைத் தொடும் முன்பு, யார் என்ன செய்வார் என்று எழுதுங்கள்

பெரும்பாலான மருத்துவமனைகள் இதைக் கடைசியில் வைக்கின்றன. இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஆய்வுகளின் கதையே காரணம்.

2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வில் 2,393 நோயாளிகள். பாதிப்பேருக்கு எச்சரிக்கை குறுஞ்செய்தியாக டாக்டருக்கும் மருந்தாளுநருக்கும் போனது, மீதிப்பேருக்குப் போகவில்லை. கிரியேட்டினின், டயாலிசிஸ், இறப்பு எதிலும் வித்தியாசம் இல்லை. செய்தி போய்ச் சேர்ந்தது, ஆனால் அதைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

2021-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த யேல் நியூ ஹேவன் ஆய்வு இன்னும் கலங்கவைக்கும். ஆறு மருத்துவமனைகள், 6,030 நோயாளிகள். இந்த முறை திரையில் எச்சரிக்கை எழுந்தது, அதிலிருந்தே பரிசோதனைகளுக்கு எழுதவும் வசதி இருந்தது. மொத்தத்தில் பலன் இல்லை. அந்த ஆறில் மருத்துவக் கல்லூரி சாராத இரண்டு மருத்துவமனைகளில் மட்டும், எச்சரிக்கை வந்த குழுவில் 15.6 சதவீதம் பேர் இறந்தார்கள், வராத குழுவில் 8.6 சதவீதம். ஏன் என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டைப் போன்றவைதான். எச்சரிக்கை கெடுதல் செய்யாத விஷயம், போட்டுவைத்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தை இந்த ஒரு முடிவு உடைத்துவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு. பிட்ஸ்பர்கைச் சுற்றிய 14 மருத்துவமனைகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2018-இல் வந்த ஆய்வில், எச்சரிக்கை வந்த பிறகு சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களின் இறப்பு 10.2-இலிருந்து 9.4 சதவீதமாகக் குறைந்தது. முன்–பின் ஒப்பீடுதான், குலுக்கல் முறை ஆய்வு அல்ல. 2019-இல் பிரிட்டனின் ஐந்து மருத்துவமனைகளில் எச்சரிக்கையோடு சிகிச்சைப் பட்டியலையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 30 நாள் இறப்பு மாறவில்லை. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பலன் ஏதாவது வந்தால், அது எச்சரிக்கைக்குப் பிறகு ஒரு மனிதர் படுக்கையருகே போய்ச் செய்யும் வேலையிலிருந்து வருகிறது. எனவே ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் நிலை என்றால் யாருக்குச் செய்தி, எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும்? இரவு இரண்டு மணிக்கு வந்தால் யார்? ஞாயிற்றுக்கிழமை யார்? மூன்றாம் நிலை என்றால் ஆய்வகமே போன் செய்யுமா? பொட்டாசியம் அபாய அளவில் வந்தால் ஆய்வகம் இப்போது எப்படிப் போன் செய்கிறதோ, அதே பட்டியலில் மூன்றாம் நிலையையும் சேர்த்துவிடுங்கள். புதிய வழி தேவையில்லை, ஏற்கெனவே பழகிய வழி போதும்.

இந்தப் பக்கத்தை எழுத முடியவில்லை என்றால், எச்சரிக்கையைத் தொடங்காதீர்கள்.

மூன்றாம் படி: அடிப்படை அளவை எங்கிருந்து எடுப்பது?

இதுதான் முழு அமைப்பின் முதுகெலும்பு. புதிய எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது தவறினால் மீதி எல்லாம் தவறும்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். 2014 ஜூனில் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டு, எல்லா மருத்துவமனை ஆய்வகங்களும் ஒரே கணக்கீட்டை 2015 மார்ச்சுக்குள் மென்பொருளில் பொருத்த வேண்டும் என்றது. அதற்குப் பின்னால் 2009-ஆம் ஆண்டின் ஒரு தணிக்கை அறிக்கை இருந்தது: சிறுநீரகப் பாதிப்போடு இறந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் சரியான கவனிப்பு கிடைத்தது என்று அது சொன்னது.

அந்தக் கணக்கீடு எளிமையானது. இன்றைய கிரியேட்டினினை எடு. கடந்த ஏழு நாளில் இருந்த மிகக் குறைந்த அளவால் வகு. எட்டாம் நாளிலிருந்து 365 நாள் வரை இருந்த அளவுகளின் நடு எண்ணாலும் வகு. இரண்டில் எது பெரிதோ அதை எடு. 1.5-ஐத் தொட்டால் எச்சரிக்கை. தொடாவிட்டால், கடந்த 48 மணி நேரத்தின் குறைந்த அளவிலிருந்து 26 மைக்ரோமோலுக்கு மேல் கூடியிருக்கிறதா என்று பார். அது நம் கணக்கில் ஏறக்குறைய 0.3 மில்லிகிராம். கூடியிருந்தால் முதல் நிலை.

சராசரியை விட்டு ஏன் நடு எண்? ஒருவருக்குக் கடந்த ஆண்டு அளவுகள் 0.8, 0.9, 0.8, நடுவில் ஒரு காய்ச்சலின்போது 3.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.4. நடு எண் 0.85. எது அவருடைய உண்மையான அளவு என்பது பார்த்தாலே தெரியும்.

அங்கே இது ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. குடும்ப மருத்துவர் அனுப்பும் ரத்தமும் வார்டில் எடுக்கும் ரத்தமும் பெரும்பாலும் ஒரே ஆய்வகத்துக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் நோயாளி ஓ.பி.யில் ஒரு எண், அவசரப் பிரிவில் இன்னொரு எண் என்று ஒரே மருத்துவமனையில் இரண்டு பதிவோடு இருப்பார். பழைய ரிப்போர்ட் தனியார் லேப் ஒன்றில் எடுத்தது, மஞ்சப்பையில் மடித்து வைத்திருப்பார். ஆகவே இரண்டு வேலைகள். ஒன்று, பதிவு மேசையில் இரட்டைப் பதிவுகளை இணைப்பது. இரண்டு, வெளியே எடுத்த பழைய கிரியேட்டினினைத் தேதியோடு உள்ளிட ஒரு சின்னக் கட்டம். சேர்க்கையின்போது செவிலியர் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "பழைய ரிப்போர்ட் ஏதாவது கொண்டுவந்திருக்கீங்களாம்மா?"

பழைய எண்ணே இல்லாவிட்டால்? இங்கேதான் நம் ஊருக்கு நிஜமான ஆபத்து. கண்ணாடி விரியன் கடித்து வரும் 30 வயது விவசாயத் தொழிலாளி, எலிக்காய்ச்சலோடு வரும் துப்புரவுப் பணியாளர், உண்ணிக் காய்ச்சலோடு வரும் மலைக்கிராமத்துப் பெண். இவர்களுக்கு முதல் கிரியேட்டினினே 3.8 என்று வரும். வகுக்க எண் இல்லாததால், இரண்டாவது ரத்தம் எடுக்கும் வரை கணக்கீடு வாய் திறக்காது. என்.எச்.எஸ். கணக்கீட்டில்கூட முந்தைய அளவு இல்லாதபோது, எண் வரம்புக்கு மேல் இருந்தால் திடீர் பாதிப்பா நாள்பட்டதா என்ற கேள்வியோடு மறுபரிசோதனை செய்யச் சொல்லும் குறிப்பு வரும். நீங்களும் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். "முந்தைய அளவு இல்லை, கிரியேட்டினின் அதிகம், திடீர் பாதிப்பு என்றே கருதி 12 மணி நேரத்தில் மீண்டும் எடுக்கவும்" என்ற ஒரு வரி போதும். வயதை வைத்து அடிப்படை அளவைக் கணக்கிட்டுப் போடும் சூத்திரங்கள் உண்டு. நான் அவற்றை விரும்புவதில்லை. கண்டுபிடிக்கப்படாத நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளை அவை தினமும் திடீர் பாதிப்பாகக் காட்டும்.

நான்காம் படி: யாரை விலக்குவது, எந்த எண்ணை நம்புவது?

நான் உடனிருந்து பார்த்த ஒரு மருத்துவமனையில், சோதனை ஓட்டத்தின் முதல் வாரப் பட்டியலின் தலையில் இருந்தவர்கள் எல்லோரும் டயாலிசிஸ் நோயாளிகள். டயாலிசிஸ் முடிந்ததும் 3.5, இரண்டு நாள் கழித்து 8. கணக்கீட்டின் கண்ணுக்கு இது 2.3 மடங்கு, 4.0-ஐயும் தாண்டியதால் மூன்றாம் நிலை! டயாலிசிஸ் பிரிவிலிருந்து வரும் மாதிரிகளையும், அவர்களின் பதிவு எண்களையும் விதியிலிருந்து விலக்கிய பிறகுதான் பட்டியல் படிக்கத் தகுந்ததாக ஆனது.

நாள்பட்ட நோயாளிகளிடம் 0.3 விதி அடிக்கடி பொய் சொல்லும். 3.2 உள்ளவருக்கு 3.6 ஆவது ஒன்றேகால் மடங்குகூட இல்லை. நாளுக்கு நாள் ஏற்படும் இயல்பான ஏற்ற இறக்கத்திலேயே அது வரும். ஆனாலும் விதியை எடுக்க வேண்டாம், செய்தியின் தொனியை மட்டும் மாற்றுங்கள்: "ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர், மீண்டும் எடுத்து உறுதி செய்யவும்."

கர்ப்பிணிகளுக்கு நேர் எதிரான சிக்கல். கர்ப்பத்தில் கிரியேட்டினின் இயல்பாகவே இறங்கிவிடும். 0.5 இருக்க வேண்டியவருக்கு 0.9 என்பது பெரிய செய்தி. கர்ப்பத்துக்கு முந்தைய 0.8-ஐ அடிப்படையாக வைத்தால் எச்சரிக்கை மௌனமாக இருக்கும். மகப்பேறு வார்டில் கர்ப்ப கால அளவுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆய்வக முறையும் முக்கியம். கிரியேட்டினினை அளக்கும் ஜாஃபே முறையில் கீட்டோன் அதிகமானால் கிரியேட்டினின் பொய்யாக உயரும், பிலிருபின் அதிகமானால் பொய்யாகக் குறையும். நீரிழிவு நெருக்கடியில் வந்தவரும் மஞ்சள் காமாலைக்காரரும் இதில் சிக்குவார்கள். முடிந்தால் என்சைம் முறை. முடியாவிட்டால், குறைந்தது ஒரே நோயாளிக்கு இரண்டு கருவிகளில் மாறி மாறி ஓட்டாமல் பாருங்கள். டிரைமெத்தோபிரிம் என்ற ஆன்டிபயாடிக் சேர்ந்த மாத்திரை, சிறுநீரகம் கெடாமலேயே கிரியேட்டினினை ஏற்றும். நிறைய டிரிப் ஏறி உடல் ஊதியிருப்பவருக்கு அது கரைந்து குறைவாகத் தெரியும். மெலிந்து தசை கரைந்த முதியவருக்கு ஏறவே நேரமாகும்.

ஐந்தாம் படி: சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள்

குறைந்தது ஒரு மாதம். எச்சரிக்கை யாருக்கும் போகக் கூடாது, ஒரு பட்டியலில் மட்டும் சேரட்டும். தினமும் ஒரு மருத்துவர் அதில் இருபது பேரின் கேஸ் ஷீட்டைத் திறந்து, உண்மையா பொய்யா, வார்டு டாக்டருக்கு ஏற்கெனவே தெரியுமா என்று குறிக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை எச்சரிக்கை வரும் என்பதும் இங்கேதான் தெரியும். அந்த எண்ணிக்கையை இரண்டாம் படியில் நீங்கள் பெயர் குறித்த ஆள் சமாளிக்க முடியுமா? முடியாது என்றால் இரண்டாம், மூன்றாம் நிலையோடு மட்டும் தொடங்குங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குணமாகி வருபவருக்கும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். அடிப்படை 0.9 உள்ளவர் 3.0-இலிருந்து 2.2-க்கு இறங்கினாலும் கணக்கில் அது 2.4 மடங்குதான். இதைத் தடுக்காவிட்டால் வார்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் சலித்துப்போவார்கள். முதல்முறை பிடிபடும்போது ஒன்று, நிலை உயரும்போது ஒன்று, அவ்வளவுதான் அனுப்ப வேண்டும்.

ஆறாம் படி: எச்சரிக்கை எங்கே தோன்ற வேண்டும்?

பெரிய மின்பதிவு மென்பொருள் வாங்க வசதி இல்லையே என்று நினைக்க வேண்டாம். என்.எச்.எஸ். முறையின் அடிப்படை, ஆய்வக ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே அச்சாகும் ஒரு வரிதான். ஆய்வக மென்பொருளில் பழைய எண்களைத் தேடும் வசதி இருந்தால் அதை நாமே அமைத்துவிடலாம்.

அந்த வரி இப்படி இருக்கட்டும்: "சிறுநீரகப் பாதிப்பு, நிலை 1. இன்று 1.1, முந்தையது 0.7, ஏப்ரல் 12." வெறும் நிலையை மட்டும் போட்டால் டாக்டர் நம்ப மாட்டார். இரண்டு எண்களையும் தேதியையும் பார்த்தால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். திரையை மறித்து எழும் எச்சரிக்கையை மூன்றாம் நிலைக்கு மட்டும் வையுங்கள். தலைமை மருத்துவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புவது வீண். வார்டு மருந்தாளுநர் இருந்தால் அவருக்கு ஒரு பிரதி கட்டாயம்.

ஏழாம் படி: எச்சரிக்கை வந்தவுடன் படுக்கையருகே

இந்தப் பட்டியலை அச்சடித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள்.

முதலில் உயிருக்கு ஆபத்து உண்டா என்று பாருங்கள்: பொட்டாசியம், மூச்சுத்திணறல், ரத்தத்தில் அமிலம். அப்புறம் ரத்த அழுத்தமும் உடலில் நீர் நிலையும். நாக்கு காய்ந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நுரையீரலில் நீர் சத்தம் உண்டா? கை வைத்துப் பார்க்காமல் டிரிப் ஏற்றாதீர்கள். கிரியேட்டினின் ஏறினாலே இரண்டு பாட்டில் சலைன் என்ற பழக்கம் இதயம் பலவீனமானவர்களை மூழ்கடிக்கிறது. எச்சரிக்கை அதிகமானால் இந்தப் பழக்கமும் அதிகமாகும் என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை.

நோய்த்தொற்று இருக்கிறதா? இருந்தால் ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. சிறுநீரில் டிப்ஸ்டிக் (நனைத்து நிறம் பார்க்கும் பட்டை) போடுங்கள். சில ரூபாய்ச் சோதனை, ஆனால் ரத்தமும் புரதமும் சேர்ந்து வந்தால் வியாதி சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கலாம், உடனே சிறுநீரக மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடைப்பு சந்தேகம் இருந்தாலோ காரணம் புரியாவிட்டாலோ 24 மணி நேரத்துக்குள் ஸ்கேன். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் என்று சந்தேகித்தால் ஆறு மணி நேரத்துக்குள்.

பிறகு மருந்துச் சீட்டு. வலி ஊசிகளை நிறுத்துங்கள். ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகைகளையும் மெட்ஃபார்மினையும் இப்போதைக்கு நிறுத்திவைக்கலாமா என்று முடிவெடுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின், வான்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள் கட்டாயம் தேவையா? தேவை என்றால் அளவைத் திருத்துங்கள். யேல் குழுவே பின்னால் செய்த ஒரு ஆய்வில், மருந்தின் பெயரைச் சொல்லி எச்சரித்தபோது 61.1 சதவீதம் பேருக்கு அத்தகைய மருந்து நிறுத்தப்பட்டது, எச்சரிக்கை இல்லாதபோது 55.9. பொதுவாகக் கூவுவதைவிட ஒரு மருந்தைச் சுட்டிக்காட்டுவதற்குச் செவிசாய்க்கிறார்கள்.

மறுநாள் கிரியேட்டினினுக்கு அப்போதே எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: பாதிப்பு வரும் முன்பே

சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் நின்ஜா என்ற திட்டம் தொடங்கினார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்துகள் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்த குழந்தைகளையும், மூன்று நாளோ அதற்கு மேலோ அமினோகிளைகோசைடு (ஜென்டாமைசின் வகை) ஊசி போடப்பட்ட குழந்தைகளையும் மருந்தாளுநர் தினமும் பட்டியலிட்டு, அவர்களுக்கு தினசரி கிரியேட்டினின் எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். அத்தகைய மருந்துச் சுமை 38 சதவீதமும், அதனால் வந்த சிறுநீரகப் பாதிப்பு 64 சதவீதமும் குறைந்தன. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மருந்தகக் கணினியும் ஒரு பொறுப்பான மருந்தாளுநரும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லுமா என்று கேட்பவர்களுக்கு: 2019-இல் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் குழு, அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் 7,03,782 பேரின் தரவில் பயிற்றுவித்த மாதிரி, வார்டில் வரும் பாதிப்புகளில் 55.8 சதவீதத்தை 48 மணி நேரம் வரை முன்கூட்டியே காட்டியது. ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு தவறானவை வந்தன. அந்தத் தரவில் பெண்கள் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். நம் மகப்பேறு வார்டுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும். வந்துவிட்ட பாதிப்பைப் பிடிக்கும் சாதாரண விதி உங்கள் இடத்தில் ஓராண்டு ஒழுங்காக ஓடட்டும், பிறகு வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது பற்றி யோசிக்கலாம்.

ஒன்பதாம் படி: எதை அளப்பது?

இறப்பு விகிதத்தை முதல் ஆண்டில் பார்க்காதீர்கள். நான்கு எண்கள் போதும்: எச்சரிக்கையிலிருந்து 24 மணி நேரத்துக்குள் மறு கிரியேட்டினின் எடுக்கப்பட்டவர்கள், மருந்துச் சீட்டு திருத்தப்பட்டவர்கள், நீர் நிலை எழுதப்பட்டவர்கள், முதல் நிலையிலிருந்து மேல் நிலைக்குப் போனவர்கள். சிறுநீரகப் பாதிப்பின் மொத்த எண்ணிக்கை முதலில் கூடும். நிர்வாகம் பதற வேண்டாம். பிரிட்டன் ஆய்விலும் அது கூடியது, இதுவரை கண்ணில் படாதவர்கள் இப்போது படுகிறார்கள் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த எண்களை வார்டு செவிலியர்களிடமும் காட்டுங்கள்.

பத்தாம் படி: டிஸ்சார்ஜ்

எச்சரிக்கை வந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயங்கள் தானாக அச்சாக வேண்டும்: உச்ச கிரியேட்டினின், வீடு திரும்பும் நாளின் கிரியேட்டினின், நிறுத்திவைத்த மருந்துகள். ரத்த அழுத்த மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று தேதி போட்டு எழுதுங்கள். எழுதாவிட்டால் சிலர் வாழ்நாள் முழுக்க நிறுத்திவிடுவார்கள், சிலர் அன்று இரவே போட்டுக்கொள்வார்கள். ஓரிரு வாரத்தில் ஒரு கிரியேட்டினின், மூன்று மாதத்தில் கிரியேட்டினினோடு சிறுநீர்ப் புரதம். அந்த மூன்று மாத எண்தான் அடுத்த முறை அவர் வரும்போது உங்கள் கணக்கீடு தேடப்போகும் அடிப்படை அளவு. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கையோடு எடுத்துப் போகும்படி நோயாளியிடமும், கூட வந்திருக்கும் மகனிடமோ மகளிடமோ தமிழில், நிதானமாக, ஒருமுறை சொல்லி அனுப்புங்கள்.